பொலிகிடா பெட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை: ஊசியா, மூளையா?

நாங்குநேரி வெள்ளாடு

வணக்கம். மானாவாரி நிலத்தோடு கன்னி ஆடுகளும் வைத்திருக்கிறேன். பால்கன்னியும் செங்கன்னியும் கலந்த மந்தை. பொலிக்காக இந்த முறை வெளியிலிருந்து ஒரு கிடா வாங்கினேன். வயது ஒன்றரை. உடம்பில் குறை சொல்ல முடியாது: நெஞ்சு அகலம், கால் உறுதி, விதை இரண்டும் சமமாக இறங்கியிருக்கின்றன. ஆனால் பருவத்துக்கு வந்த பெட்டை வாலை ஆட்டிக்கொண்டு எதிரே போய் நின்றாலும், ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தீவனத் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது.

தீவனக் கடையில் ஒருவர், "ஆண் ஹார்மோன் ஊசி ஒன்று போடுங்கள், இரண்டே நாளில் ஏறும்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகனோ, "மாமா, எல்லாம் மூளையில் சுரக்கும் டோபமைன் செய்யும் வேலை, ஊசிக்கு என்ன தெரியும்" என்கிறான். யார் சொல்வது சரி? விலங்குகளின் இணைசேர்தலை மூளையின் இரசாயனங்கள் எவ்வளவு தூரம் ஆட்டி வைக்கின்றன? ஊசியின் விலை பெரிதில்லை. கிடா கெட்டுவிடக் கூடாது.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்

தம்பி, ஊசியைத் தொடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரணம் இது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் இருக்கிறது. அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்னும் சுரப்பு விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாக வெளிவரும். அது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும்; பிட்யூட்டரி விதையைத் தூண்டும்; விதை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், விந்தணுவையும் உண்டாக்கும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் ஹைபோதலாமஸ் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து நீங்கள் ஊசியில் ஏற்றினால் மூளை என்ன நினைக்கும்? "ஏராளமாக இருக்கிறது, நிறுத்து" என்று நினைக்கும். பிட்யூட்டரி ஓயும், விதை சுருங்கும், விந்தணு குறையும். கிடா ஒருவேளை ஏறலாம். பெட்டை சினை பிடிக்காது. பொலிகிடாவுக்கு இதைவிடப் பெரிய கேடு உண்டா? கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் விற்கிறார். வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

இனி என் கேள்விகள். குளம்பைத் தூக்கிப் பார்த்தீர்களா? பின்னங்காலில் வலி இருந்தால் எந்தக் கிடாவும் ஏறாது. அடர்தீவனம் அதிகமா? பெட்டைகளை எந்த நேரத்தில் காட்டுகிறீர்கள்? நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் காட்டினால் கிடாவைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: வாங்குவதற்கு முன் இது எங்கே, யாரோடு வளர்ந்தது?

எலிக்கூண்டு

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டைக்காரன். இப்போது பெங்களூரில் நரம்பியல் ஆய்வகம் ஒன்றில் எலிகளோடு காலம் தள்ளுகிறேன். உங்கள் மருமகன் பாதி சரி.

எலியின் மூளையில் முன்பார்வைப் பகுதி என்ற சிறிய இடம் இருக்கிறது, ஹைபோதலாமஸுக்கு ஒட்டினாற்போல. ஆண் எலியைத் துளையிட்ட தடுப்பின் ஒரு புறமும், பருவத்திலிருக்கும் பெண் எலியை மறுபுறமும் விட்டால், தொடுவதற்கு முன்பே, வெறும் வாசனையிலேயே, அந்த இடத்தில் டோபமைன் ஏறத் தொடங்கிவிடும். 1990களில் அமெரிக்காவில் எலேன் ஹல் என்ற ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். இதில் கவனிக்க வேண்டியது: விதை நீக்கப்பட்டு ஆசை அற்றுப்போன எலியில் அந்த டோபமைன் ஏறுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் அந்த நரம்பணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதியை வளர்த்து வைக்கிறது. அதன் வழியாகத்தான் டோபமைன் எளிதாக வெளியேறுகிறது. ஆக, ஹார்மோன் நாள்கணக்கில் செய்யும் முன்னேற்பாடு. டோபமைன் நொடிக்கணக்கில் நடப்பது. கடைக்காரரும் மருமகனும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. டெஸ்டோஸ்டிரோன் 'ஆண் ஹார்மோன்' என்கிறோம். மூளைக்குள் போனதும் அதில் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்டிரோஜனாக மாற்றிவிடுகிறது. எலியிலும் காடையிலும் ஆண் நடத்தையில் பெரும்பங்கு இந்த ஈஸ்டிரோஜனால்தான் நடக்கிறது. கடையில் போய் 'பெண் ஹார்மோன் கொடுங்கள், கிடா ஏற வேண்டும்' என்று கேட்டால் சிரிப்பார்கள்.

முக்கூடல் தர்க்கம்

இரண்டு பதிவுகளையும் படித்தேன். என் சந்தேகம் எளியது. எல்லாம் இரசாயனம் என்றால் ஏன் ஒரே மந்தையில், ஒரே தீவனம் தின்று, ஒரே வயதில் இருக்கும் இரண்டு கிடாக்களில் ஒன்று வேலி தாண்டுகிறது, மற்றொன்று சாமியார் போல நிற்கிறது? 'அதற்கு ஹார்மோன் அதிகம், இதற்குக் குறைவு' என்று சொல்லிவிட்டால் போதுமா? அளந்து பார்த்தவர்கள் உண்டா?

பாளை விலங்கியல்

உண்டு. அதுவும் வெகு காலத்துக்கு முன்பே. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் சோதனை இது.

1952இல் கிரன்ட், யங் என்ற இருவர் ஆண் கினிப்பன்றிகளை அவற்றின் வேகத்தைப் பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார்கள்: மிகுந்த ஆர்வமுள்ளவை, நடுத்தரம், மந்தமானவை. பிறகு எல்லாவற்றுக்கும் விதை நீக்கம் செய்தார்கள். எல்லாமே ஓய்ந்துபோயின. அதன் பின் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். கடைக்காரரின் கணக்குப்படி எல்லாம் ஒரே வேகத்துக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. ஆர்வமுள்ளவை பழையபடி ஆர்வமுள்ளவையாகவும், மந்தமானவை பழையபடி மந்தமாகவுமே திரும்பின. அளவைக் கூட்டியும் மந்தமானது வேகமானதாக மாறவில்லை.

ஹார்மோன் இல்லாவிட்டால் நடத்தை இல்லை. இருந்தால் எவ்வளவு என்பதை அந்த உடம்பும் மூளையும் முன்பே தீர்மானித்து வைத்திருக்கின்றன. மடையைத் திறப்பவனால் குளத்தில் தண்ணீரைக் கூட்ட முடியாது என்று வகுப்பில் சொல்வேன். நாங்குநேரிப் பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும்.

அந்த 'முன்பே' எப்போது என்பதற்கும் சோதனை இருக்கிறது. 1959இல் அதே யங்கின் குழு, சினையாயிருந்த கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தது. பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு பெண்ணுக்குரிய இசைவைக் காட்டுவது குறைந்து, ஆணைப் போல மேலே ஏறுவது கூடியது. வயிற்றிலிருக்கும்போதே மூளை ஒரு பாங்கில் கட்டப்பட்டுவிடுகிறது. வளர்ந்த பின் வரும் ஹார்மோன், அந்தக் கட்டடத்தில் விளக்கு ஏற்றுகிறது, அவ்வளவுதான். (மன்னிக்க, ஒரு பதிவில் இரண்டு உவமை சொன்னால் மாணவர்களே முகம் சுளிப்பார்கள். நிறுத்திக்கொள்கிறேன்.)

அம்பை பால்பண்ணை

மேடம் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையும் ஒன்று கிடேரியுமாக இருந்தால், அந்தக் கிடேரியை வைத்துக்கொள்ளாதே, சினை பிடிக்காது என்று என் மாமியார் சொல்வார்கள். அது இதனால்தானா?

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்

அதேதான் அம்மா. இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. காளைக் கன்றின் சுரப்புகள் கிடேரிக்குள் போய் அதன் கருப்பையையும் சூலகத்தையும் வளரவிடாமல் செய்துவிடும். அப்படிப்பட்ட கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகும். உங்கள் மாமியார் சொன்னது முழுக்கச் சரி.

அம்பை பால்பண்ணை

நன்றி டாக்டர். இன்னொரு கேள்வியும் இருக்கிறது, கொஞ்சம் கோபத்தோடு கேட்கிறேன். பால் இறங்குவதற்கு ஆக்சிடோசின் ஊசி போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. என் மகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு, 'அம்மா, ஆக்சிடோசின் காதல் ஹார்மோனாம்' என்கிறாள். காலையிலும் மாலையிலும் அந்த ஊசியை வாங்குகிற மாடு யாரைக் காதலிக்கிறது?

எலிக்கூண்டு

அக்கா, இந்தக் கேள்வியை எங்கள் துறையில் பலரிடம் கேட்க வேண்டும்.

ஆக்சிடோசின் ஹைபோதலாமஸில் உருவாகிறது. அதில் ஒரு பகுதி பிட்யூட்டரியின் பின்பக்கம் வழியாக இரத்தத்தில் கலந்து, மடியிலும் கருப்பையிலும் தசையைச் சுருக்குகிறது. இன்னொரு பகுதி நரம்பு வழியாக மூளைக்குள்ளேயே வெளிவிடப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே இரத்தத்தையும் மூளையையும் பிரிக்கும் தடுப்பு இருக்கிறது. ஊசியில் போட்டது அதைத் தாண்டி மிகச் சிறிதளவே உள்ளே போகும், அதுவும் இரத்தத்தில் சில நிமிடங்களில் அழிந்துவிடும். எனவே உங்கள் மாட்டின் மடி சுருங்குகிறது, மனம் அசைவதில்லை.

காதல் ஹார்மோன் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் வோல் என்ற சிற்றெலியிடமிருந்து. புல்வெளி வோல் ஒரு துணையோடு சேர்ந்தால் பெரும்பாலும் அதனோடேயே இருக்கும். ஆணும் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். அதன் நெருங்கிய உறவான மேய்ச்சல்நில வோலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இரண்டின் மூளையிலும் ஆக்சிடோசினும் அதைப் போன்ற இன்னொரு சுரப்பான வாசோபிரசினும் இருக்கின்றன. வேறுபாடு, அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்பதில். 2004இல் லாரி யங்கின் குழு, மேய்ச்சல்நில வோல் ஆணின் முன்மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வாசோபிரசின் ஏற்பிக்கான மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தியது. அந்த ஊர்சுற்றி, சேர்ந்த துணையின் அருகிலேயே இருக்க விரும்பத் தொடங்கியது. அன்றிலிருந்து பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் 2023இல் கலிஃபோர்னியாவில் வேறொரு குழு, ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத புல்வெளி வோல்களை மரபணுத் திருத்தத்தால் உண்டாக்கிப் பார்த்தது. அவை அப்போதும் இணை சேர்ந்தன, துணையைத் தேர்ந்தன, குட்டி ஈன்றன. முப்பது ஆண்டுப் பாடநூல் ஆடிப்போயிற்று. பிறவியிலேயே இல்லாததால் மூளை வேறு வழியைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. எப்படியானாலும், ஒரு பொருளுக்கு ஒரு வேலை என்று பெயர்ப்பலகை மாட்டுவது அறிவியல் ஆகாது.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்

சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பால் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவித் தடவி, அதட்டாமல் கறந்தால் மாட்டின் சொந்த ஆக்சிடோசினே வேலை செய்யும். அதட்டினால் அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும்.

ஆக்சிடோசின் மூளைக்குள் உண்மையில் வேலை செய்வதைக் காட்டும் விலங்கு நம்மிடமே இருக்கிறது: செம்மறி. ஈனும்போது கருப்பை வாய் விரிவதால் தாயின் மூளைக்குள் ஆக்சிடோசின் பாய்கிறது. அந்த ஓரிரு மணி நேரத்தில் முகர்ந்த குட்டியைத்தான் அது தன் குட்டி என்று ஏற்கும். பிறகு வருவதை முட்டித் தள்ளும். 1980களில் இங்கிலாந்தில் கெவர்ன், கெண்ட்ரிக் ஆகியோர், ஈனாத ஆட்டுக்கும் அந்தப் பாதையைக் கையால் தூண்டியும், மூளைக்குள் ஆக்சிடோசின் செலுத்தியும் அந்நியக் குட்டியை ஏற்கவைத்தார்கள். கிடை போடுகிற கீதாரிகள் தாயற்ற குட்டியை, அப்போதுதான் ஈன்ற ஆட்டின் பனிக்குட நீரில் புரட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கல்லிடை இளவல்

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருள் மூளையில் இல்லாத ஆண் சுண்டெலி, பெண் எலியையும் ஆண் எலியையும் ஒன்றுபோல நாடியது என்று ஒரு செய்தி படித்தேன். அப்படியானால் மனிதர்களிலும் யாருக்கு யார்மேல் நாட்டம் என்பது ஒரு இரசாயனக் குறைபாடு, மாத்திரையில் சரிசெய்யலாம் என்று ஆகிறதே?

எலிக்கூண்டு

ஆகாது, தம்பி.

நீங்கள் சொல்வது 2011இல் பெய்ஜிங்கில் யீ ராவ் குழு வெளியிட்டது. செரோடோனின் உண்டாக்கும் நொதியின் மரபணுவை நீக்கிய ஆண் சுண்டெலிகள், பெண்ணை மட்டும் நாடும் வழக்கத்தை இழந்தன. அந்தப் பொருளின் முன்னோடியை ஊசியில் கொடுத்ததும் பெண் நாட்டம் திரும்பியது. சரி. 2015இல் அமெரிக்காவில் வேறொரு குழு அதே மரபணு நீக்கிய எலிகளை வைத்துச் சோதித்து, பால் நாட்டத்தில் மாற்றமே இல்லை என்று எழுதியது. முதல் செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்தது, இரண்டாவது வரவில்லை. செய்திகளின் இயல்பு அது.

செரோடோனின் பல விலங்குகளில் காம நடத்தைக்கு ஒரு தடைபோல இயங்குகிறது. தடையை நீக்கினால் எலி எதன்மேலும் ஏற முயல்கிறது என்றும் அதே தரவைப் படிக்கலாம். ஏறுவது ஒன்று, நாடுவது வேறொன்று. எலிக்கூண்டில் எண்ணப்படுவது பெரும்பாலும் முதலாவது.

பாளை விலங்கியல்

இளவல், 'குறைபாடு' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? செம்மறிக் கிடாக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு, பெட்டையை விட்டுவிட்டுக் கிடாவையே நாடுகின்றன என்று ஓரிகனில் ரோசெல்லி குழு பல ஆண்டு ஆராய்ந்து எழுதியது. அவற்றின் ஹைபோதலாமஸில் ஒரு நரம்பணுத் திரள், பெட்டையை நாடும் கிடாக்களில் இருப்பதில் பாதியளவே இருக்கிறது. அந்தக் கிடாக்கள் நோயாளிகள் அல்ல. தின்கின்றன, முட்டுகின்றன, ஏறுகின்றன. வேறுபாட்டை அளப்பது எங்கள் தொழில். அதற்குக் குறைபாடு என்று முத்திரை குத்துவது எலிக்கும் செம்மறிக்கும் தெரியாத வேலை. மனிதருக்கு வந்தால் மொழியும் ஊரும் சட்டமும் வாழ்க்கையும் குறுக்கே நிற்கின்றன. வோல் எலியிலிருந்து பாளை பஸ் நிலையத்துக்கு நேர்ச்சாலை கிடையாது.

முக்கூடல் தர்க்கம்

கொஞ்சம் இறுக்கம் தளர்த்துகிறேன். பெண் ஈ நிராகரித்த ஆண் பழ ஈக்கள், இணை சேர்ந்த ஈக்களைவிட அதிகமாகச் சாராயம் கலந்த உணவை நாடுகின்றனவாமே? உண்மையா, கட்டுக்கதையா?

எலிக்கூண்டு

உண்மை. 2012இல் வெளியானது. நிராகரிக்கப்பட்ட ஈயின் மூளையில் என்.பி.எஃப். என்ற சிறு புரதம் குறைகிறது. இணை சேர்ந்ததில் கூடுகிறது. அதைச் செயற்கையாகக் கூட்டினால் நிராகரிக்கப்பட்ட ஈயும் சாராயத்தை விட்டுவிடுகிறது. தயவுசெய்து இதையும் நேர்ச்சாலையாக்க வேண்டாம்.

தடை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு நம் வயலிலேயே சாட்சி உண்டு. கும்பிடுபூச்சி. பெண் ஆணின் தலையைத் தின்ற பிறகும் ஆணின் உடல் புணர்வதை நிறுத்துவதில்லை; சில நேரம் வேகம் கூடுகிறது. ரோடர் என்பவர் 1935இல் இதற்குக் காரணம் காட்டினார்: தலையிலுள்ள நரம்புத் திரள் அந்த அசைவைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. தலை போனால் தடை போயிற்று.

கூந்தன்குளம் பைனாகுலர்

ஆடு, மாடு, எலி, ஈ எல்லாம் வந்துவிட்டன. பறவை இல்லாமல் நெல்லைச் சீமை இழை முடியக் கூடாது.

எங்கள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் தை, மாசியில் வந்து நில்லுங்கள். ஊருக்குள்ளே வீட்டு வேப்பமரத்திலும் கருவேலிலும் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது, கூழைக்கடா பொரிக்கிறது. ஊர்க்காரர்கள் கீழே விழும் குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். அதே குளத்து நீரில் வரித்தலை வாத்துக் கூட்டமும் மிதக்கிறது. அது மட்டும் இங்கே ஜோடி சேர்ந்து கூடு கட்டுவதே இல்லை. ஒரே தண்ணீர், ஒரே வெயில், அருகருகே இரை. ஏன்?

வலசைப் பறவைக்குக் காலம் தவறினால் உடலுறுப்பே சுருங்கிவிடுகிறது. பல பறவைகளின் விதை, பருவத்தில் இருப்பதில் நூறில் ஒரு பங்காகக்கூடச் சிறுத்துவிடும். பறக்கும்போது சுமை எதற்கு? வரித்தலை வாத்து மங்கோலியாவுக்கோ திபெத்துக்கோ திரும்பும் காலத்தில் பகல் நீளும். அந்த வெளிச்சம் கண்ணால் மட்டும் போவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளையின் உள்ளேயே இருக்கும் ஒளியுணர் அணுக்களில் படுகிறது. காடையில் இதை நன்றாகவே தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்: ஒளியுணர்வு, தைராய்டு ஹார்மோன், அதன்பின் ஜி.என்.ஆர்.எச்., பிறகு விதை வீங்குதல், பாட்டு, கூடு.

நம் நாரைகளுக்கோ ஐப்பசி, கார்த்திகை மழைதான் நாள்காட்டி. குளம் நிறைந்து மீன் பெருகினால் கூடு. மழை பொய்த்த ஆண்டில் கூட்டமே குறைந்துவிடும்.

முக்கூடல் தர்க்கம்

நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். எனவே இங்குள்ள பறவைக்கு வெளிச்சக் கணக்கு உதவாது, மழை மட்டும்தான் என்று சொல்கிறீர்களா?

கூந்தன்குளம் பைனாகுலர்

அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். பனாமா நாட்டுக் காட்டில் புள்ளி எறும்புக்குருவி என்று ஒன்று உண்டு. பனாமா ஏறக்குறைய நம் திருநெல்வேலியின் அட்சரேகையில்தான் இருக்கிறது. 1998இல் அந்தக் குருவியைக் கூண்டில் வைத்து, பகலை வெறும் 17 நிமிடம் நீட்டிப் பார்த்தார்கள். விதை பெருத்தது, பாடத் தொடங்கியது. எனவே ஒரு மணி நேரம் என்பது பறவை மூளைக்குச் சின்னக் கணக்கு இல்லை. நாரைகளில் எது எவ்வளவு என்பதை யாராவது முறையாக அளந்தால் நானே பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

மயில் பற்றியும் ஒரு வரி. ஆண் ஹார்மோன்தான் தோகை தருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோகை, அடக்காவிட்டால் தானாக வருவது. பெண் மயிலின் ஈஸ்டிரோஜன்தான் அதை வரவிடாமல் அடக்குகிறது. சூலகம் ஓய்ந்த கிழட்டுப் பெட்டை மயிலுக்குச் சில நேரம் ஆணின் இறகு முளைப்பது இதனால்தான்.

பாளை விலங்கியல்

யானையையும் சேர்த்துக்கொள்வோம். நெல்லையப்பர் கோவில் காந்தி­மதி 2025 ஜனவரியில் மறைந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள், கோவில்களில் ஏன் பெரும்பாலும் பெண் யானைகளையே பார்க்கிறோம் என்று. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் என்பதுதான் விடை. அந்தக் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும், கன்னத்துச் சுரப்பி வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைக் காமவெறி என்று சுருக்கிவிடக் கூடாது. மதம் இல்லாத காலத்திலும் ஆண் யானை இணை சேரும். மதநீரில் ஃபிரன்டலின் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. அதை மரப்பட்டை வண்டுகளும் பயன்படுத்துகின்றன. பெண் யானை தயாராயிருப்பதைச் சிறுநீரில் அறிவிக்கும் பொருளை 1996இல் ராஸ்முசன் கண்டுபிடித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் துணையை அழைக்கும் வாசனையிலும் அதே பொருள் இருக்கிறது. முண்டந்துறைக் காட்டில் யானையும் அந்துப்பூச்சியும் ஒரே வாசனையைக் காற்றில் விடுகின்றன. ஆனால் அந்துப்பூச்சியை யானை தேடிப் போவதில்லை. பொருள் ஒன்றாக இருந்தாலும் அளவும் அதை வாங்கிக்கொள்ளும் மூக்கும் மூளையும் வேறு.

நாங்குநேரி வெள்ளாடு

எல்லோருக்கும் நன்றி. ஊசி வாங்கவில்லை. டாக்டர் ஐயா கேட்டதை விற்றவரிடம் விசாரித்தேன். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, பக்ரீத் விற்பனைக்காகக் கிடாக் குட்டிகளாகவே ஒரு கொட்டகையில் அடைத்து வளர்த்திருக்கிறார். விற்காமல் மிஞ்சியதை 'பொலிக்கு ஆகும்' என்று என்னிடம் தள்ளிவிட்டார். அது பெட்டை ஆட்டையே அருகில் பார்த்ததில்லை. குளம்பில் குறையில்லை. அடர்தீவனம் கொஞ்சம் அதிகம்தான்.

எலிக்கூண்டு

அப்படியானால் இதுதான் அண்ணாச்சி. ஆண்களாகவே அடைத்து வளர்த்த செம்மறிக் கிடாக்களிலும் இந்த மந்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். பெட்டைகளோடு பழகவிட்ட பிறகு பல தேறின. அனுபவம் மூளையில் தங்கும் என்பதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு: இணை சேர்ந்து பழகிய ஆண் பூனைக்கு விதை நீக்கிய பிறகும் நெடுநாள் அந்த நடத்தை தொடர்கிறது, பழகாத பூனைக்கு விரைவில் நின்றுவிடுகிறது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்த பிறகும் ஏறுகிறதே என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறும், குட்டி வராது.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்

தம்பி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடர்தீவனத்தைக் குறையுங்கள், நடக்கவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் அனுபவமுள்ள கிடா இருந்தால், அது பெட்டையோடு சேரும்போது உங்கள் கிடா வேலிக்கு இப்பால் நின்று பார்க்கட்டும். மற்றொரு கிடா சேர்வதைப் பார்த்த கிடாவுக்கு வேகம் கூடுவது ஆராய்ந்து பார்த்த உண்மை. முதலில் முட்டாத, ஏற்கெனவே ஈன்று பழகிய, நல்ல பருவத்திலிருக்கும் ஒரு பெட்டையை மட்டும் விடுங்கள். இளங்கிடாவை மூத்த பெட்டைகள் இரண்டு முட்டு முட்டினால் அதற்குப் பயம் தங்கிவிடும். விடியற்காலையில் விடுங்கள். பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அதைச் செய்தால் மூக்கும் மூளையும் பேசத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

நாங்குநேரி வெள்ளாடு

உதட்டைச் சுருட்டுகிறது ஐயா, அதை நேற்றுப் பார்த்தேன். இன்னும் ஏறவில்லை. இன்னொன்று. என் பெட்டைகளில் சில பருவத்துக்கே வராமல் நிற்கின்றன. கிடாவின் வாசனையாலேயே பெட்டை பருவத்துக்கு வரும் என்கிறார்களே, இந்த மந்தக் கிடாவின் வாசனைக்கும் அந்த சக்தி இருக்குமா?

பாளை விலங்கியல்

வாசனை பற்றி நான் சொல்கிறேன். கிடாவின் தலைமுடியிலிருந்து வரும் 4-எத்தில் ஆக்டனல் என்ற பொருளை 2014இல் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தார்கள். அதை முகர்ந்த பெட்டையின் மூளையில் ஜி.என்.ஆர்.எச். துடிப்பை நடத்தும் நரம்பணுக்கள் வேகமெடுத்தன. விதை நீக்கிய கிடாவிடம் அந்தப் பொருள் இல்லை. உங்கள் கிடாவுக்கு அருகில் போனால் மூக்கைப் பொத்தத் தோன்றுகிறதா? தோன்றினால் வாசனையில் குறையில்லை. மற்றதை டாக்டர் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்

பெட்டைகள் நாள்தோறும் பார்த்துப் பழகிய கிடா என்றால் பலன் குறைவு. பருவத்துக்கு வராத பெட்டைகளைக் கிடாவின் கண், காது, மூக்குக்கு எட்டாத தூரத்தில் ஒரு மாதம் போல ஒதுக்கி வையுங்கள். பிறகு திடீரென்று கிடாவை உள்ளே விடுங்கள். இரண்டு மூன்று நாளிலேயே பல பெட்டைகளுக்குச் சூல்முட்டை வெளிவரும். ஆனால் அந்த முதல் சுழற்சி பெரும்பாலும் ஐந்தாறு நாளில் முடிந்துவிடும், சினை தங்காது. அதைத் தொடர்ந்து வரும் பருவத்தில்தான் தங்கும். முதல் முறை பிடிக்கவில்லை என்று கிடாவை விற்றுவிடாதீர்கள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் கிடாவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டைகள் பருவத்துக்கு வந்த பிறகு உங்கள் கிடா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு ஈற்று வீணாகும். சினைக்காலம் 150 நாள். ஆடியில் சேர்த்தால் மார்கழிக் குளிரிலும் ஈரத்திலும் குட்டி விழும். கொட்டகைத் தரையை இப்போதே மேடாக்கிவிடுங்கள்.